நூறு சிப்பி மாலையும் நூற்று முப்பது பூஜ்யமும்

என் எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. நடந்ததில் பாதி மறந்துபோகிறது. மறந்த இடத்தில் நானாக எதையாவது வைத்து ஒட்டுப் போட்டுவிடுகிறேன் என்று தம்பி மகள் சொல்கிறாள். ஆனால் நோட்டு வாங்கிக் கொடுத்து எழுதச் சொன்னதும் அவள்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் நாற்பது வருஷத்துக்குப் பக்கமாகச் சிப்பி மாலை கோர்த்து விற்றேன். கூவி விற்கிற தொழிலில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். கூச்சம். பக்கத்துக் கடைக்காரி "வாங்க சார், பாருங்க மேடம்" என்று தொண்டை கட்டக் கத்துவாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் என் பக்கமாக வந்து நிற்பார்கள். என் வியாபாரம் முழுக்க அவள் தொண்டையால் நடந்தது என்று சொன்னால் தப்பில்லை.

என் தம்பி எனக்கு நேர் எதிர். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். அதனால் அச்சடித்த காகிதத்தின் மேல் அவனுக்குத் தனி மரியாதை. வாயால் சொன்னால் பேச்சு, அச்சில் வந்தால் சத்தியம் என்று நினைப்பான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அங்கே கொடுப்பதற்காகப் போன வருஷம் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினான். 'உயிர் தானாக வந்ததா?' என்று தலைப்பு.

அதில் என்னையும் சேர்த்திருந்தான். பெயர் போடவில்லை, 'சிப்பி மாலை கோர்க்கும் ஒரு மூதாட்டி' என்று போட்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். நான் மூதாட்டி என்றால் அவன் யார் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

பிரசுரத்தில் இருந்த விஷயம் இதுதான். உடம்புக்குள் இருக்கிற புரதச்சத்து எல்லாம் மணி மாலை மாதிரி கோர்த்தது. அந்த மணியில் இருபது வகை உண்டு. இப்போது அந்த மூதாட்டியிடம் இருபது வகைச் சிப்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்து நூறு சிப்பிக்கு ஒரு மாலை கோர்க்கிறார். நாம் முன்னாலேயே எழுதி வைத்த வரிசை அப்படியே அமைய எத்தனையில் ஒரு வாய்ப்பு? முதல் சிப்பிக்கு இருபதில் ஒன்று, இரண்டாவதுக்கும் இருபதில் ஒன்று. இப்படியே நூறு தடவை பெருக்கினால், ஒன்று போட்டு அதற்குப் பின்னால் நூற்று முப்பது பூஜ்யம். அத்தனையில் ஒரு தடவைதான் அமையும். ஆகவே உயிர் தானாக வந்திருக்க முடியாது. அவ்வளவுதான் பிரசுரம்.

வாசித்தபோது எனக்கும் மலைப்பாகத்தான் இருந்தது. நூற்று முப்பது பூஜ்யத்தை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

பார்க்கவும் கிடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அச்சுக்குக் கொடுத்த மாதம் முகூர்த்த மாதம். கம்ப்யூட்டர் கடைக்காரர் கல்யாணப் பத்திரிகையாகவே அடித்து அடித்துக் கை பழகிப்போய் இருந்தார். தம்பி எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு வரிக்குப் பூஜ்யமாகவே இருந்ததைப் பார்த்து, ஐயா ஏதோ பார்டர் கேட்கிறார் போலிருக்கிறது என்று எடுத்து, பக்கத்தின் நாலு பக்கமும் சுற்றிப் போட்டுவிட்டார். மூலைக்கு ஒரு பூவும் வைத்திருந்தார். நடுவில் 'ஒன்று' மட்டும் தனியாக நின்றது.

அழகாகத்தான் இருந்தது. தம்பியே கவனிக்கவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டு கொடுத்து முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கண்டுபிடித்தவர் அவன் மருமகன். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கோவளம் பக்கம் வாடகை வீடு. தங்கமான பிள்ளை. ஆனால் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் சரிபார்க்காமல் இருக்க முடியாத வியாதி. அன்றைக்கு நானும் தம்பி வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலை வைத்து ஓரமாக எண்ணிக்கொண்டே போனார்.

"மாமா, நூத்தி முப்பதுன்னு சொன்னீங்க. இதுல ஐந்நூத்திச் சொச்சம் கீது."

"எதுல?"

"பார்டர்ல. மூலையில கீற பூவையும் எண்ணணுமா மாமா?"

நான் புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். தம்பி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தான். முகம் சிவந்துபோயிற்று.

"அச்சுக்காரன் பண்ண தப்புக்கு நான் இன்னா பண்றது? கணக்கு கணக்குதான்."

"கணக்கும் தப்புதான் மாமா."

அந்த ஒரு வார்த்தையை மாப்பிள்ளை சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேச்சு. எவ்வளவு கோபம் வந்தாலும் தம்பி மாப்பிள்ளையை 'நீங்க' என்றுதான் சொன்னான். மரியாதையாகவே சண்டை போட்டார்கள். கடைசியில் தம்பி சொன்னான்: "இதுல இன்னா தப்புன்னு எனக்குப் புரியிற மாதிரி நீங்க சொல்ற வரைக்கும், உங்க வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன் மாப்ள."

தம்பி மகள் கையில் ஐந்து மாதக் குழந்தை. இரண்டு வாரம் கழித்துக் கோவளத்தில் அதற்கு ஞானஸ்நானம். எங்கள் வீட்டில் தாயைப் பெற்றவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஐயர் கையில் கொடுப்பது வழக்கம். ஐயர் என்று நாங்கள் சொல்வது எங்கள் சபைப் போதகரை. தாத்தா உயிரோடு இருந்தும் வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் பேரில் ஒரு குறை நிற்கும். இது எல்லாருக்கும் தெரியும். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கத் தெரியாதவன் தம்பி என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாளே தம்பி மகள் மாமல்லபுரத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அத்தை, நீதான் பேசணும்."

"நான் இன்னாடி பேசறது? சிப்பி விக்கவே பேசாதவ."

"அந்தப் பேப்பர்ல நீதான கீற. மால கோக்கறது நீ. அப்பா கோத்தாரா, இவர் கோத்தாரா?"

அவள் பிரசுரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பேச வேண்டுமே என்ற பயம்தான்.

மூன்றாம் நாள், பேசுவது அப்புறம், செய்து பார்ப்போம் என்று தோன்றியது. ஒரு பானையை எடுத்தேன். வீட்டில் மிச்சம் இருந்தது பதினோரு வகைச் சிப்பி. மீதி ஒன்பது வகைக்குப் புளியங்கொட்டை, மொச்சை, சட்டைப் பித்தான், பேனா மூடி என்று கிடைத்ததைப் போட்டேன். வகைக்குப் பத்து. கண்ணை மூடிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தேன்.

பத்து தடவை எடுத்ததில் ஏழு தடவை பெரிய சிப்பியே வந்தது. கண்ணை மூடினாலும் கை பெரியதைத்தான் பிடிக்கிறது. சரி, நன்றாகக் கலக்கவில்லை போலிருக்கிறது என்று பானையைக் குலுக்கினேன். குலுக்கக் குலுக்கச் சின்னது எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, பெரியது மேலே வந்தது. முன்னைக்கு இப்போது மோசம். இருபதில் ஒன்று, இருபதில் ஒன்று என்று தம்பி பெருக்கினானே, அந்தச் சமம் என் பானையிலேயே இல்லை. அவன் பானையில் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. அவன் பானையே எடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அப்புறம்தான் எனக்குக் கடல் ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் விடியற்காலையில் சிப்பி பொறுக்கினவள் நான். கடல் சிப்பியைக் கலந்து போடாது. அலை ஏறி இறங்கின இடத்தில் இலேசான மெல்லிய சிப்பி ஒரு வரி, அதற்குக் கீழே கனமானது ஒரு வரி, நடுவில் நொறுங்கல் ஒரு வரி. யாரோ சல்லடை வைத்துச் சலித்த மாதிரி இருக்கும். ஒரே அளவுச் சிப்பி ஆயிரம், கண்ணை மூடி வீசினால் ஒரே கோட்டில் விழுமா? தம்பியின் கணக்குப்படி பூஜ்யம் எழுதத் தாள் போதாது. ஆனால் கடல் தினம் ஒரு தடவை அதைச் செய்துவிட்டுப் போகிறது. வீசினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டு, வீசாத கடலைப் பார்த்து முடியாது என்றால் எப்படி?

மாலையை நினைத்தாலும் அதே கதைதான். 'முன்னாலேயே எழுதி வைத்த வரிசை' என்று எழுதியிருந்தான். நான் எந்தக் காலத்தில் எழுதி வைத்துக் கோர்த்தேன்? ஒரு வெள்ளை கூட வரும், ஒரு சிவப்பு மாறிப் போகும். வாங்குகிறவர்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். இந்த ஒரு வரிசை அமைய எத்தனையில் ஒன்று என்று கேட்டால் ஒரு விடை. மாலையாக நிற்கிற ஏதோ ஒரு வரிசை அமைய எத்தனையில் ஒன்று என்று கேட்டால் வேறு விடை. ஒரு சிப்பி தப்பாகப் போனால் நான் தொண்ணூற்று ஒன்பதையும் உருவிப் போட்டுவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்ததும் இல்லை. அப்படி ஆரம்பித்திருந்தால் முதல் மாலையே இன்னும் என் மடியில் இருக்கும். எடுத்த எடுப்பில் நூறு சிப்பிக்கும் போகவில்லை. முதலில் ஐந்து சிப்பி வைத்துச் சாவிக்கொத்து செய்தேன். அதுவும் விற்றது.

இவ்வளவும் தோன்றியவுடன் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. பிறகு பானையைப் பார்த்தேன். எவ்வளவு குலுக்கியும் அதில் ஒரு மாலை வரவில்லை. சிப்பி பிரிந்து நிற்கிறதே தவிரக் கோர்த்துக்கொள்ளவில்லை. நூல் என் கையில்தான் இருந்தது. ஆக, தம்பியின் கணக்கு நிற்காது என்பது எனக்குத் தெரிந்தது. அவன் சொன்ன முடிவு சரியா தப்பா என்பது தெரியவில்லை. இது வேறு, அது வேறு. இதைத்தான் பேச வேண்டும் என்று மனசில் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். என் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று தம்பி சொல்லவில்லையே. அவன் பஸ்ஸில் வந்தான். மாப்பிள்ளை, பெண்டாட்டி பிள்ளையோடு வண்டியில் வந்தார். குழந்தையை நடுவில் துணி விரித்துப் போட்டோம். அதற்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேரும் குழந்தையைப் பார்த்தே பேசினார்கள்.

நான் பானையைக் கொண்டுவந்து வைத்தேன். பேச்சு வரவில்லை. "கண்ண மூடிகினு எடு" என்றேன் தம்பியிடம். எடுத்தான். பெரிய சிப்பி. மறுபடி எடுத்தான். பெரிய சிப்பி. ஐந்தாவது தடவை பேனா மூடி வந்தது.

"இது இன்னாக்கா?"

"அது பத்தொம்பதாவது வகை."

அதற்குப் பிறகு கொஞ்சம் கூச்சம் விட்டது. பானையையும் கடலையும் மாலையையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுநடுவே விட்டுப்போனதைத் தம்பி மகள் எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை முகத்தில் பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

"இதத்தான் மாமா நான் சொன்னேன். ரசாயனத்துல ஒண்ணோட ஒண்ணு சேர்றது சமமா சேராது. ஒண்ணு சுலபமா ஒட்டும், ஒண்ணு ஒட்டாது. நீங்க எல்லாத்தையும் சமமா வச்சிப் பெருக்கிட்டீங்க."

தம்பி விடவில்லை. கிளார்க் மூளை சும்மா இருக்குமா. "சரிக்கா, கடல் சலிக்கும். ஒத்துக்கறேன். கடல் கோக்குமா?"

"கோக்காது," என்றேன். "நான் நாப்பது வருசத்துல கடல் கோத்த மால ஒண்ணுகூடப் பொறுக்கல."

இப்போது தம்பி முகத்தில் பாஸான சந்தோஷம். மாப்பிள்ளை அவசரமாகச் சொன்னார்: "அத்தை, அப்பிடி இல்ல. எத்தினி கோடி நட்சத்திரம், எத்தினி கோடி வருசம். அத்தினி தடவ நடந்தா ஒரு தடவ கண்டிப்பா அமைஞ்சிருக்கும். தானா வந்ததுதான்."

எனக்கு அங்கே ஒரு முள் குத்தியது. "மாப்ள, எத்தினி தடவ போட்டா ஒரு தடவ அமையும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் யோசித்தார். "தெரியாது அத்தை. யாருக்கும் தெரியாது. மொத உயிர் எப்பிடி ஆரம்பிச்சிதுன்னு தெரிஞ்சாத்தான அதுக்குக் கணக்கு."

"அப்ப அத்தினி கோடி போதுமா போதாதான்னும் தெரியாது."

"தெரியாது."

"அப்ப நீங்களும் பார்டர் போட்டுகினுதான் கீறீங்க."

முதலில் சிரித்தது தம்பிதான். தொடையில் தட்டிச் சிரித்தான். குழந்தை திடுக்கிட்டு அழுதது. மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

சிரிப்பு முடிந்ததும் தம்பி பிரசுரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஓரத்துப் பூஜ்யங்களை விரலால் தடவிக்கொண்டே போனான்.

"அக்கா, ஐந்நூறு பூஜ்யம்னு தெரியாமலே கொடுத்தேன். வாங்கினவன் ஒருத்தனும் கேக்கல. எனக்கே நூத்தி முப்பதும் ஐந்நூறும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிது. அப்ப அந்த நம்பர வச்சி நான் எதையும் புரிஞ்சிக்கல. பயம் காட்டத்தான் வச்சிகினு இருந்தேன்."

பிரசுரத்தை மடித்தான், மறுபடி விரித்தான்.

"இத நம்பி எத்தினி பேர் ஆமென் போட்டாங்க தெரியுமா. இப்ப போயி தப்புன்னா, நான் சொன்ன எல்லாமே தப்புன்னு ஆயிடாதா?"

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "மாமா, கணக்கு தப்புன்னு சொன்னேன். சாமி இல்லன்னு சொல்லல. தானா வந்ததுதான்னு சொன்னதும் தப்புதான். எப்பிடி வந்திச்சின்னு எனக்குத் தெரியாது. தேடிகினு கீறாங்க."

தம்பி என்னைப் பார்த்தான். "நான் அறுபது வருசமா ஜெபம் பண்றேன். போன மாசம் வரைக்கும் எனக்கு அந்த நம்பரே தெரியாது" என்றேன்.

அவன் எழுந்துவிட்டான். சாப்பிடச் சொன்னேன், மீன் குழம்பு வைத்திருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். சரி, இன்னும் ஆறவில்லை, ஞானஸ்நானத்துக்கு வர மாட்டான் என்று நினைத்தேன். தம்பி மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

அவன் நேராக வீட்டுக்குப் போய், அன்றைக்குச் சாயங்காலமே ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, தான் கொடுத்த பிரசுரத்தில் உள்ள கணக்கு நிற்காது, உயிர் எப்படி வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, வாங்கினவர்கள் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். இது எனக்கு அங்கே போகிற ஒரு அம்மா சொல்லித்தான் தெரியும். திருப்பிக் கொடுக்க வந்தவர்களில் ஒருவர், "ஐயா, பார்டர் நல்லா கீது, ஒண்ணு நான் வச்சிக்கறேன்" என்றாராம். அச்சில் வந்ததை வாயால் வாபஸ் வாங்குவது அவனுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பல் பிடுங்கின மாதிரி இருந்திருக்கும்.

ஞானஸ்நானத்து ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோவளத்தில் எங்கள் சபைக் கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆராதனை ஆரம்பித்துவிட்டது. தம்பியைக் காணோம். மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார். ஈ.சி.ஆர். பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார், வருவாரா என்று தெரியாமலேயே. இரண்டு பஸ் போய் மூன்றாவது பஸ்ஸில் தம்பி இறங்கினான். வெள்ளைச் சட்டை, கையில் குழந்தைக்கு ஒரு தொப்பி. தாமதத்துக்குக் காரணம் தொப்பிதானாம். செங்கல்பட்டில் நாலு கடை ஏறி இறங்கினானாம். நான் அதை நம்பவில்லை, அவனிடம் சொல்லவும் இல்லை.

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னீங்களே மாமா" என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார்.

"இது கோயில் வாசப்படி மாப்ள. உங்க வூட்டுக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வரேன். தனித்தனியா எண்ணிக்குங்க."

ஐயர் கூப்பிட்டதும் தம்பி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். தொப்பி பெரிதாக இருந்து குழந்தையின் கண்ணை மூடிவிட்டது. ஐயர் கையில் கொடுப்பதற்கு முன் அவன் அதைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். குழந்தை தண்ணீருக்கு அழவில்லை. தாத்தா கையை விட்டதற்குத்தான் அழுதது. ஐயர் முடித்து ஆமென் சொன்னபோது, தம்பியின் ஆமென் மற்றவர்களைவிட ஒரு நொடி பிந்தி வந்தது.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. பெருக்கல் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. நூற்று முப்பது என்பது தம்பியும் மாப்பிள்ளையும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் என்பதால் அப்படியே எழுதினேன். ரசாயனம் பற்றி மாப்பிள்ளை சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்பதும் சந்தேகம். அவர்களிடமே காட்டலாம் என்றால் மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டைச் சேராத, படித்த யாராவது ஒருவர் இதை வாசித்து, தப்பு இருந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுக்க வேண்டும்.